கிதார் கம்பி தேர்ந்தெடுப்பது எப்படி: சேலம் வெயிலுக்கும் ஏற்காட்டுப் பனிக்கும் சேர்த்து ஒரு முழு வழிகாட்டி

கிதார் கற்கத் தொடங்கிய புதிதில் விரல் நுனி எரிந்தாலோ எஃப் கார்டு பிடிக்க வராவிட்டாலோ எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "மெல்லிசான கம்பி போடு." பாதி நேரம் இது தவறான மருந்து. கம்பிகள் ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) விட்டு உயரமாக நிற்கும் கிதாரில் மெல்லிய செட் போட்டால் வலி கொஞ்சம் குறையும், ஒலி நிறையக் குறையும். அதோடு, உயரத்தில் நிற்கும் மெல்லிய கம்பியை அழுத்தும்போது அது அதிகமாக இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் கேஜ் (கம்பியின் தடிமன்), பிராண்டு எல்லாவற்றுக்கும் முன்னால் கிதாரை அளக்கும் வேலை வருகிறது. முதலில் கிதாரின் வகை, பிறகு கம்பி நிற்கும் உயரம், அதன்பின் தடிமன், கடைசியாக உலோகம். கடையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

நைலானா, ஸ்டீலா?

இதில் தவறினால் கிதாரே போய்விடும் என்பதால் முதலில் இது. கம்பிகளின் அடிமுனை உடலில் மாட்டியிருக்கும் பிரிட்ஜைப் பாருங்கள். கம்பிகள் சிறு துளைகள் வழியாக நுழைந்து முடிச்சிட்டுக் கட்டப்பட்டிருந்தால், தலைப்பகுதியில் இரண்டு நீளமான திறப்புகள் இருந்தால், கழுத்து அகலமாக (தலைப்பகுதிக்குக் கீழே கம்பிகள் உட்காரும் பட்டையான நட் அருகே சுமார் 52 மி.மீ.) இருந்தால் அது கிளாசிக்கல் கிதார். அதற்கு நைலான் மட்டுமே. ஆறு வெள்ளை அல்லது கறுப்பு பின்கள் குத்தியிருந்தால், நட் அருகே 43 மி.மீ. அளவில் கழுத்து இருந்தால் அது ஸ்டீல் கம்பி அகௌஸ்டிக்.

கிளாசிக்கல் கிதாரில் ஸ்டீல் போடக் கூடாது என்பதற்குக் காரணம் எண்ணிலேயே இருக்கிறது. சாதாரண நைலான் செட் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். 012 ஸ்டீல் செட் (மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலம்) சுமார் 74 கிலோ இழுக்கும். கிளாசிக்கல் கிதாரின் மேல்பலகைக்கு அடியில் இருப்பது மெல்லிய விசிறிச் சட்டங்கள். கழுத்துக்குள் வளைவைத் தடுக்கும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராட் பெரும்பாலும் கிடையாது. சில வாரங்களில் பிரிட்ஜின் பின்விளிம்பு எழும்பும், பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை வயிறு தள்ளும், கழுத்து வில்லாக வளையும். வீட்டில் யாரோ பயன்படுத்திய பழைய கிளாசிக்கலை எடுத்துப் பழகுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தலைகீழாக, ஸ்டீல் கிதாரில் நைலான் போட்டால் உடையாது, ஒலிதான் செத்துப்போகும்.

மலிவு விலையில் நிறைய விற்கும் 38 அங்குல கட்அவே கிதார்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 38 என்பது கிதாரின் மொத்த நீளம், கம்பியின் நீளம் அல்ல. இவற்றில் பலவற்றுக்கு ஒட்டுப்பலகை உடல், பலவீனமான பிரிட்ஜ் ஒட்டு. 010 அல்லது 011 செட்டுக்கு மேல் போகாதீர்கள். "சவுண்டு வரும்" என்று 013 போட்டால், வருவது பிரிட்ஜ்தான்.

வாங்கும் முன் மூன்று சோதனைகள்

முதல் இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் போதும், மூன்றாவதுக்கு அரை மணி நேரம். புதுக் கம்பி வேண்டாம், இப்போது இருக்கும் கம்பியிலேயே, சரியாக டியூன் செய்துவிட்டுப் பாருங்கள்.

முதல் சோதனை, ஆக்‌ஷன் எனப்படும் உயரம். 12-ஆவது ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிவிளிம்புக்கும் உள்ள இடைவெளி. அரை மில்லிமீட்டர் கோடு போட்ட எஃகு ஸ்கேல் இருந்தால் நல்லது. பூஜ்யம் விளிம்பிலிருந்தே தொடங்கும் ஸ்கேலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏடிஎம் அட்டை போதும். அட்டை ஒன்றின் தடிமன் 0.76 மி.மீ. எண்கள் புடைக்காத மூன்று அட்டைகளை அடுக்கினால் 2.3 மி.மீ., நான்கு என்றால் 3 மி.மீ. ஸ்டீல் அகௌஸ்டிக்கில் ஆறாவது கம்பிக்கு (மிகத் தடித்தது) 2.3 முதல் 2.8 வரையும், முதல் கம்பிக்கு (மிக மெல்லியது) 1.8 முதல் 2 வரையும் சரியான அளவு. நான்கு அட்டை தாராளமாக நுழைந்தால் உங்கள் கை வலிக்குக் காரணம் கம்பி அல்ல. எலக்ட்ரிக்கில் ஆறாவது சுமார் 2, முதலாவது சுமார் 1.5. கிளாசிக்கலில் 4, 3 என்பது இயல்பு. நைலான் அகலமாக அதிர்வதால் அந்த இடம் அதற்கு வேண்டும்.

இரண்டாவது, கேப்போ சோதனை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஆறு கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு, முன்பு கஷ்டப்பட்ட அதே எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் மேலே தள்ளிப் பிடியுங்கள். திடீரென்று சுலபமாகிவிட்டால் குற்றவாளி நட். நட்டின் வெட்டுகள் ஆழமில்லாமல் கம்பி உயரத்தில் தொங்குகிறது. இதைச் சரிசெய்ய அந்தந்தக் கம்பியின் அகலத்துக்கான நட் ஃபைல் வேண்டும். வீட்டில் அரத்தைக் கொண்டு தேய்த்தால் ஒரே இழுப்பில் ஆழம் கூடி, திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் இரையத் தொடங்கிவிடும். பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே மேல்.

மூன்றாவது, அரை ஸ்வரம் இறக்கும் சோதனை. கேப்போவை எடுத்துவிட்டு எல்லாக் கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்குங்கள். இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். 012 செட் போட்டிருந்தால் 74 கிலோ இப்போது 66 ஆகிவிட்டது. அதாவது 011 செட்டைவிடவும் சற்றுக் குறைவு. இந்த நிலையில் அரை மணி நேரம் வாசியுங்கள். கைக்கு இதுதான் வேண்டும் என்று தோன்றினால் அப்போது மெல்லிய செட்டுக்குப் போகலாம். பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றால் கம்பி மாற்றிப் பயனில்லை. பணம் செலவழிக்காமல் தெரிந்துகொள்ளக்கூடிய இந்தச் சோதனையை எந்தக் கடையிலும் சொல்வதில்லை.

கழுத்தின் வளைவையும் இதோடு பார்த்துவிடலாம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ, 14-ஆவது ஃப்ரெட்டில் விரல். நடுவில் ஏழாவது ஃப்ரெட்டின் மேல் ஆறாவது கம்பிக்கு அடியில் எவ்வளவு இடம்? சாதாரண ஏ4 தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. ஒரு தாள், இரண்டு தாள் நுழைந்தால் சரி. நான்கைந்து நுழைந்தால் ட்ரஸ் ராடை இறுக்க வேண்டும்: கடிகாரத் திசையில் கால் சுற்று, பின் டியூன் செய்து மறுபடி அளவு. கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் போகாதீர்கள். திருகு அசைய மறுத்தால் பலம் காட்டாதீர்கள்.

கழுத்து சரியாக இருந்தும் உயரம் அதிகமென்றால், பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டையான சேடிலைத் தேய்க்க வேண்டும். 12-ஆவது ஃப்ரெட்டில் அரை மி.மீ. குறைய, சேடிலில் ஒரு மி.மீ. குறைய வேண்டும். சேடிலை உருவி எடுத்து, அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடியின் மேல் ஒட்டிய உப்புத்தாளில் அடிப்பக்கத்தை மட்டும் தேய்க்கவும். அடி சமமாக இல்லாவிட்டால் பிக்அப் (ஒலியை மின்சமிக்ஞையாக்கும் கருவி) உள்ள கிதாரில் ஒரு கம்பி மட்டும் ஸ்பீக்கரில் மெலிந்து கேட்கும்.

தடிமன்: அந்த நம்பர் எதைச் சொல்கிறது

"பத்து செட்", "பதினொன்று செட்" என்பது முதல் கம்பியின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். 010 என்றால் 0.254 மி.மீ.; 012 என்றால் 0.305 மி.மீ. வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. ஆனாலும் கைக்கு நன்றாகத் தெரிகிறது. காரணம், ஒரே நீளத்தில் ஒரே ஸ்வரத்துக்கு இழுக்கும்போது இழுவிசை விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 010-இலிருந்து 011-க்குப் போனால் முதல் கம்பியில் 21 சதவீதம் கூடும். 011-இலிருந்து 012-க்கு 19 சதவீதம்.

அகௌஸ்டிக் செட்டுகளின் மொத்த இழுவிசை, 25.5 அங்குல நீளத்தில், தோராயமாக (இரண்டாவது எண் ஆறாவது கம்பியின் விட்டம்): 010–047 செட் 61 கிலோ, 011–052 செட் 69, 012–053 செட் 74, 013–056 செட் 85. பிராண்டுக்குப் பிராண்டு ஓரிரு கிலோ மாறும். எலக்ட்ரிக்கில் 009–042 சுமார் 39 கிலோ, 010–046 சுமார் 47. உறையின் மேல் உள்ள "லைட்" என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். அகௌஸ்டிக்கில் லைட் என்றால் 012, எலக்ட்ரிக்கில் லைட் என்றால் 010. எண்ணைப் பாருங்கள்.

இதோடு கம்பியின் நீளமும் சேரும். நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் கிடைப்பது ஸ்கேல் நீளம். 648 மி.மீ. (25.5 அங்குலம்) கிதாரையும் 628 மி.மீ. (24.75 அங்குலம்) கிதாரையும் ஒப்பிட்டால், அதே கம்பி பின்னதில் ஆறு சதவீதம் தளர்வாக இருக்கும். யமஹா எஃப்310 கிதாரின் ஸ்கேல் நீளம் 634 மி.மீ.; அதில் 012 போட்டாலும் பெரிய கிதாரில் இருக்கும் விறைப்பு வராது.

இனி யாருக்கு எது. புதிதாகக் கற்பவர், சாதாரண அளவு அகௌஸ்டிக்: 011–052. இதில் தயக்கமே வேண்டாம். 010 சுலபம்தான், ஆனால் முதல் இரண்டு கம்பிகளும் சன்னமாக, தகரம்போல் ஒலிக்கும். கை வலுத்தபின் பலர் எப்படியும் 011-க்கே வருகிறார்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் 010 சரி, அல்லது முக்கால் அளவு நைலான் கிதார்.

டிரெட்னாட் என்ற பெரிய உடல் கிதாரில் முழுக்கையாலும் ஸ்ட்ரம் செய்பவர்கள், ஆலயப் பாடகர் குழுவில் மைக் இல்லாமல் இருபது குரல்களுக்கு நடுவில் கேட்க வேண்டியவர்கள் 012–053 போடுங்கள். அந்தப் பெரிய மேல்பலகையை அசைக்க அவ்வளவு இழுவிசை வேண்டும். 010 போட்டு ஓங்கி அடித்தால் ஒலி கூடாது. கம்பி ஃப்ரெட்டில் மோதி இரையும், அடித்த கணத்தில் சுருதி ஏறி இறங்கும். சிறிய உடல் கிதாரில் விரலால் மீட்டுபவர்களுக்கு 011 போதும்.

013–056 யாருக்கு? தயாரிப்பாளரே அந்த அளவை ஏற்பதாகச் சொன்ன கிதாருக்கு, அதுவும் சுருதியை ஒன்று ஒன்றரை ஸ்வரம் இறக்கி வாசிப்பவருக்கு. மற்றவர்கள் தவிர்க்கலாம்.

எலக்ட்ரிக்கில் மெல்லிசைக் குழுக்களில் வாசிப்பவர்களுக்கு 010–046 நல்ல நடுநிலை: கார்டு வாசிக்கும்போது குழையாது, சோலோவில் வளைக்கவும் வரும். கமகம் பிடிக்கவும் இரண்டு ஸ்வரம் இழுத்து வளைக்கவும் விரும்புபவர்கள் 009–042 எடுக்கலாம். பதிலுக்கு, இடது கையால் சற்றே அழுத்தம் கூடினாலும் கார்டு பிசிறும். இதற்கு நடுவில் ஒன்பதரை செட்டும் உண்டு. அரை ஸ்வரம் இறக்கி வாசிக்கும் குழுவென்றால் ஒரு படி தடித்த செட். பன்னிரண்டு கம்பிக் கிதாருக்கு 010–047 செட்தான். அதையும் அரை ஸ்வரம் இறக்கி வைத்தால் பிரிட்ஜ் நீண்ட நாள் உழைக்கும்.

உலோகமும் ஒலியும்

சேலத்துக்காரர்களுக்கு எஃகு என்றால் துருப்பிடிக்காத எஃகுதான் முதலில் நினைவுக்கு வரும். ஊரின் உருக்காலைக்குப் பெயரே அதில்தான். கிதார் கம்பியின் உள்கம்பி அந்த ரகம் அல்ல. அது உயர் கார்பன் எஃகு. இழுவிசையைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. முதல் இரண்டு கம்பிகளும் வெள்ளீயம் போன்ற மெல்லிய பூச்சோடு அப்படியே வெற்றுக் கம்பிகள். மற்றவற்றின்மேல் ஒரு மென்கம்பி சுற்றப்படுகிறது. ஒலியின் நிறம் பெரும்பாலும் அந்தச் சுற்றுக் கம்பியில் இருக்கிறது.

80/20 பிரான்ஸ் (வெண்கலம்) என்பது 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும்; உண்மையில் பித்தளைதான், பெயர் மட்டும் பிரான்ஸ். புதிதில் பளீரென்று மணிபோல் ஒலிக்கும். பிரகாசம் சீக்கிரம் மங்கும். பாஸ்பர் பிரான்ஸ் என்பது சுமார் 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம், துளி பாஸ்பரஸ். டி'அடாரியோ நிறுவனம் 1974-இல் கிதாருக்குக் கொண்டுவந்தது. சற்றுக் கதகதப்பான ஒலி, அந்த ஒலி நீண்ட நாள் நிற்கும். கையில் வியர்வை அதிகம் வருபவர்களுக்கு இதுவே நல்லது. ஏற்கெனவே கூர்மையாக ஒலிக்கும் கிதாருக்கு பாஸ்பர் பிரான்ஸ், மந்தமாக உறுமும் கிதாருக்கு 80/20 என்று நேரெதிராகப் பொருத்திப் பாருங்கள்.

பட்டும் எஃகும் சேர்ந்த செட் ஒன்று உண்டு: உள்கம்பிக்கும் சுற்றுக்கும் நடுவே பட்டு அல்லது நைலான் இழை. இழுவிசை குறைவு, ஒலி மென்மை, விரல் உரசும் கிறீச் சத்தமும் குறைவு. விரல் வலி தாங்காதவர்களுக்கும் மெதுவான விரல் மீட்டுக்கும் அருமை. பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு தகடு) ஓங்கி அடித்தால் பயனில்லை.

எலக்ட்ரிக்கில் நிக்கல் பூசிய எஃகுதான் பெரும்பான்மை. தூய நிக்கல் மென்மை; துருப்பிடிக்காத எஃகுச் சுற்று கூர்மை, ஆனால் ஃப்ரெட்டைச் சீக்கிரம் தேய்க்கும். அகௌஸ்டிக் பிரான்ஸ் செட்டை எலக்ட்ரிக்கில் போடாதீர்கள். பிரான்ஸைக் காந்தப் பிக்அப் உணராது, உள்கம்பி மட்டும் ஒலித்து, கம்பிக்குக் கம்பி ஒலி அளவு தாறுமாறாகும்.

நைலான் செட்டில் முதல் மூன்று கம்பிகளும் நைலான் அல்லது கார்பன் (ஃப்ளோரோகார்பன் இழை). தடித்த மற்ற மூன்றும் நைலான் இழைக் கற்றையின்மேல் வெள்ளி முலாம் பூசிய செம்பு சுற்றியவை. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு வியர்வை பட்டுக் கறுப்பதுபோல இவையும் கறுக்கும். கறுப்பதால் மட்டும் கம்பி கெட்டுவிடாது. நான்காவது கம்பியின் சுற்று, ஃப்ரெட் படும் இடத்தில் தேய்ந்து தட்டையாகும்போதுதான் மாற்ற வேண்டும். "நார்மல் டென்ஷன்", "ஹார்டு டென்ஷன்" என்று விற்பதில் நார்மலே பெரும்பாலோருக்குச் சரி.

கோட்டிங் உள்ள கம்பிகள் தனிக் கதை. நுண்ணிய பாலிமர் படலம் கம்பியின் சுற்றுக்குள் வியர்வையும் அழுக்கும் நுழையாமல் தடுக்கிறது. கோட்டிங் இல்லாததைப்போல் மூன்று மடங்கு காலமாவது ஒலி நிற்கும். விலை இரண்டு மடங்கோ அதற்கு மேலோ. தினமும் ஒரு மணி நேரம் வாசித்து, மாதம் ஒருமுறை செட் மாற்றுபவருக்குக் கணக்குப் பார்த்தால் கோட்டிங் மலிவு. வாரம் ஒரு நாள் மட்டும் எடுப்பவருக்கும் மலிவுதான், ஏனென்றால் அவர் கம்பி வாசிப்பில் கெடுவதில்லை, உறைக்குள் துருவேறிக் கெடுகிறது. படலம் பிக் படும் இடத்தில் நார்நாராக உரியலாம். அது தோற்றம்தான், பழுது அல்ல.

வெயிலும் பனியும்

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் ஒரு மணி நேரத்துக்குள் கிதார் வேறொரு தட்பவெப்பத்துக்குள் போய்விடுகிறது. கீழே ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும், காற்று வறண்டிருக்கும். மேலே மழைக்காலத்தில் பனி அறைக்குள்ளேயே புகும்.

மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது. வறட்சியில் மேல்பலகை சுருங்கித் தாழும். கம்பி ஃப்ரெட்டை நெருங்கி இரையும், ஃப்ரெட்டின் முனைகள் கழுத்தின் ஓரத்தில் குத்தும். ஈரத்தில் பலகை ஊதி பிரிட்ஜ் மேலே வரும், ஆக்‌ஷன் கூடும், வாசிக்கக் கடினமாகும். சேலத்தில் கோடையில் சரியாக செட்டப் செய்த கிதார் ஏற்காட்டு விடுதியில் நவம்பரில் கை வலிக்கச் செய்வது இதனால்தான். மெல்லிய கம்பிக்கு ஓட வேண்டாம். முதலில் அட்டைகளை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். மலையில் நிரந்தரமாக இருப்பவர்கள் உயரம் வேறுபடும் இரண்டு சேடில்கள் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு நல்ல வழி: மழைக்குத் தாழ்ந்தது, வெயிலுக்கு உயர்ந்தது.

மலையில் கம்பிக்கு கோட்டிங் கிட்டத்தட்ட கட்டாயம். கிதாரை வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், உறைக்குள் வையுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பை இரண்டு. நிறம் மாறும் ரகமாக இருந்தால் அது நிரம்பியது தெரியும். வெயிலிலோ சூடான வாணலியிலோ காயவைக்காமல், அந்தப் பையின் மேல் குறிப்பிட்ட மிதமான சூட்டில் மட்டும் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். கீழே சேலத்தில் எதிரி வியர்வை. வாசிக்கும் முன் கை கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். வாசித்தபின் பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் சேர்த்துப் பிடித்து ஒரு இழுப்பு இழுங்கள். முப்பது வினாடி வேலை. தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, விட்டுவிடுங்கள். எண்ணெய் சுற்றின் பள்ளங்களில் தங்கி, தூசியைப் பிடித்து, இரண்டு நாளில் ஒலியைக் கொன்றுவிடும்.

வெயிலில் நிறுத்திய மூடிய காரில் கிதாரை விடவே கூடாது. உள்ளே 60 டிகிரி தாண்டும்போது பிரிட்ஜின் ஒட்டு இளகும்; 70 கிலோ இழுவிசை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கடையில் பார்க்க வேண்டியவை

ஒற்றைக் கம்பியாகத் தாளில் சுற்றி விற்பது அவசரத்துக்கு மட்டும். எவ்வளவு நாள் அலமாரியில் இருந்ததென்று தெரியாது. பிரித்து, வெற்றுக் கம்பியில் கறுப்புப் புள்ளியோ சொரசொரப்போ இருந்தால் வேண்டாம். செட் என்றால் உள்ளே காற்றுப் புகாமல் அடைத்த பை இருக்கிறதா பாருங்கள்.

பெரிய பிராண்டுகளின் போலிகள் இணையச் சந்தையில் தாராளம். வழக்கமான விலையில் பாதிக்கு வந்தால் சந்தேகப்படுங்கள். மங்கலான அச்சு, எழுத்துப்பிழை, குழம்பிய கேஜ் எண் இவை அடையாளம். டி'அடாரியோ உறைக்குள் பதிவுக் குறியீடு ஒன்று இருக்கும்; நிறுவனத் தளத்தில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். போலியின் சிக்கல் சீக்கிரம் அறுவது மட்டுமல்ல. சுற்று சீராக இல்லாததால் 12-ஆவது ஃப்ரெட்டில் சுருதி சேராது. கிதாரில்தான் கோளாறு என்று நினைத்து அதைக் கெடுக்கப் போவீர்கள்.

மாற்றும் முறை

தேவை: டியூனர், கம்பி வெட்டும் கட்டிங் பிளேயர், பெக் (சுருதி முறுக்கும் திருகு) சுற்றும் வைண்டர், பருத்தித் துணி, 2பி பென்சில்.

1. பழைய கம்பியை முழுதும் தளர்த்தியபின்பே வெட்டுங்கள். இறுக்கத்தில் வெட்டினால் முனை முகத்தில் பாயும்.

2. பின்னை வைண்டரின் பிளவால் நெம்பி எடுங்கள். வராவிட்டால் ஒலித்துளை வழியே கைவிட்டு அடியிலிருந்து தள்ளுங்கள். கத்தியால் குத்தாதீர்கள்.

3. ஃப்ரெட்போர்டை உலர்ந்த துணியால் துடையுங்கள். நட்டின் ஒவ்வொரு வெட்டிலும் பென்சிலால் தேயுங்கள். கிராஃபைட் தூள் கம்பி வழுக்க உதவும்.

4. புதுக் கம்பியின் உருளை முனைக்கு மேலே லேசாக ஒரு வளைவு கொடுத்துத் துளையில் விடுங்கள். பின்னை நுழைத்து, அழுத்திக்கொண்டே கம்பியை மேலே இழுங்கள். உருளை, பின்னின் நுனியில் உட்காராமல் பக்கவாட்டில் பிரிட்ஜ் பலகையில் கொக்கியாக நிற்க வேண்டும். பின் அடிக்கடி எகிறுவதற்குக் காரணம் இது சரியாக உட்காராததே. டி'அடாரியோ உருளைகள் நிறத்தால் பிரித்தவை: வெள்ளி முதலாவது, ஊதா இரண்டாவது, பச்சை மூன்றாவது, கறுப்பு நான்காவது, சிவப்பு ஐந்தாவது, பித்தளை ஆறாவது.

5. கம்பியை அதன் பெக் வரை இழுத்து, அங்கிருந்து சுமார் ஐந்து செ.மீ. (மெல்லிய கம்பிக்கு இன்னும் சற்று) கூடுதலாக விட்டுத் துளையில் நுழையுங்கள். தடித்த கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லியதற்கு நான்கைந்து. சுற்றுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. அதிகச் சுற்று நாளெல்லாம் சுருதி இறங்கக் காரணம்.

6. முனையை வெட்டுவது கம்பியைக் கூர்மையாக மடக்கியபின்தான். உள்கம்பி உருண்டையான செட்டில் மடக்காமல் வெட்டினால் சுற்று உள்ளுக்குள்ளேயே அவிழ்ந்து கம்பி செத்த ஒலி தரும்.

7. ஆறையும் டியூன் செய்து, ஒவ்வொன்றையும் 12-ஆவது ஃப்ரெட் அருகே மெதுவாகத் தூக்கி இழுத்து மறுபடி டியூன் செய்யுங்கள். மூன்று நான்கு முறை செய்தால் ஸ்டீல் அன்றே நிலைக்கும். நைலான் மூன்று நான்கு நாள் எடுக்கும்; கச்சேரிக்கு முந்தின நாள் நைலான் மாற்றாதீர்கள்.

ஆறையும் ஒன்றாகக் கழற்றலாமா என்றால், அகௌஸ்டிக்கில் அரை மணி நேரத்துக்குக் கழற்றினால் ஒன்றும் ஆகாது. மிதக்கும் பிரிட்ஜ் உள்ள எலக்ட்ரிக்கில் மட்டும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் பின்பக்க ஸ்பிரிங்குகள் பிரிட்ஜை உள்ளே இழுத்துவிடும். அதில் 009-இலிருந்து 010-க்கு ஏறினால் பிரிட்ஜ் முன்னால் சாயும். ஸ்பிரிங் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் உள்ளே முடுக்கி, பிரிட்ஜ் உடலுக்கு இணையாக வரும்வரை மாறி மாறி டியூன் செய்யுங்கள்.

கேஜ் மாறினால் பிறகு என்ன செய்வது

தடித்த செட்டுக்குப் போனால் கழுத்து முன்னுக்கு வளையும், ஆக்‌ஷன் ஏறும். மெல்லியதுக்குப் போனால் கழுத்து பின்னுக்குப் போய் முதல் சில ஃப்ரெட்களில் இரைச்சல் வரலாம். ஒரு நாள் விட்டுவிட்டு மேலே சொன்ன தாள் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தடித்த கம்பி நட்டின் வெட்டில் முழுதாக இறங்காமல் மேலேயே நிற்கலாம்; டியூன் செய்யும்போது "டிங்" என்று சத்தம் வந்து சுருதி துள்ளினால் அது சிக்குகிறது என்று பொருள்.

12-ஆவது ஃப்ரெட்டில் விரலைத் தொட்டு வரும் ஒலியையும், அங்கே அழுத்தி வரும் ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் எலக்ட்ரிக்கில் அந்தக் கம்பியின் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு. அகௌஸ்டிக்கில் சேடில் நகராது. ஆக்‌ஷனைக் குறைப்பதும் பழைய கம்பியை மாற்றுவதும்தான் வழி.

அடிக்கடி அறுகிறதா?

அறுந்த இடத்தைப் பாருங்கள். சேடிலில் என்றால் அதன் உச்சியில் கூர்விளிம்பு இருக்கிறது. 600 எண் உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு. நட்டில் என்றால் வெட்டு குறுகலாக இருக்கிறது. பெக்கில் என்றால் துளையின் விளிம்போ, கம்பியை இரண்டு முறை மடக்கியதோ. கம்பியின் நடுவில், பிக் படும் இடத்தில் அறுந்தால் துரு அல்லது மிகத் தடித்த பிக்கால் ஓங்கிய அடி. டியூன் செய்யும்போதே முதல் கம்பி அறுந்தால் ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) மேலே இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதன் சரியான ஸ்வரம் 329.6 ஹெர்ட்ஸ்.

அறாவிட்டாலும் மாற்றும் நேரம் தெரிய மூன்று அடையாளம்: அடியில் விரலை ஓட்டினால் ஃப்ரெட் இருக்கும் இடங்களில் பள்ளம் தட்டுகிறது; டியூன் சரியாக இருந்தும் மேல் ஃப்ரெட்களில் கார்டு கசக்கிறது; நிறம் புள்ளி புள்ளியாக மாறுகிறது. வெந்நீரில் வேகவைத்துப் பிழைக்கவைக்கும் வித்தை ஓரிரு நாளுக்குத்தான் வரும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் கடை என்றால் மலை இறங்க வேண்டும். உறையின் பையில் ஒரு முழு செட், அதோடு முதல் கம்பி இரண்டு, சுற்றிய மூன்றாவது கம்பி ஒன்று தனியாக வைத்திருங்கள். அகௌஸ்டிக்கில் முதலாவதுக்கு அடுத்து அதிகம் அறுவது அந்த மூன்றாவதுதான். சுற்றிய கம்பிகளிலேயே அதன் உள்கம்பிதான் மிக மெல்லியது.